செல்லும், ஆனா வாங்க மாட்டாங்க: எட்டணாவின் கதை



இன்னைக்கு சுகர், பிரஷர் பற்றி எதுவும் இல்லை. ஐம்பது பைசா பற்றி ஒரு நீளமான த்ரெட். கடைசியில கொஞ்சம் மருத்துவமும் இருக்கு. பொறுமையா படிங்க.

முதல்ல ஒரு கேள்வி. ஐம்பது பைசா காசு இன்னைக்குச் செல்லுமா, செல்லாதா?

யாரைக் கேட்டாலும் "அது போய் எவ்வளவோ வருஷம் ஆச்சே டாக்டர்" என்றுதான் பதில் வருகிறது.

ஆனால் சட்டப்படி அது இன்னும் செல்லும். 2011 ஜூன் 30 முதல் செல்லாமல் போனது 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும்தான். எட்டணாவை யாரும் ரத்து செய்யவில்லை. நாணயச் சட்டம் 2011-இன்படி பத்து ரூபாய் வரைக்குமான தொகையை ஐம்பது பைசாக்களாகவே கொடுக்கலாம். ஒரு ரூபாயும் அதற்கு மேலான காசுகளும் என்றால் ஆயிரம் ரூபாய் வரை.

செல்லும். ஆனா யாரும் வாங்க மாட்டாங்க. சட்டத்தில் உயிரோடு இருக்கிற ஒரு காசைக் கடையில் கொன்றது யார்? அதில் நஷ்டம் யாருக்கு? இந்தக் கதைதான் இன்னைக்கு.

கதை நம்ம திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தே ஆரம்பிக்கலாம். கும்மிடிப்பூண்டி சிப்காட் என்றால் புகைபோக்கியும் இரும்பு உருக்கும் உலைகளும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அங்கிருந்து கிழக்கே கொஞ்ச தூரத்தில், பொன்னேரி வழியாகப் போனால் பழவேற்காடு. ஏரியும் மீனும் பூநாரையும் பார்க்கப் போயிருப்பீங்க. பல்லாயிரக்கணக்கில் காசு அடித்த ஊர் அது என்பது தெரியுமா?

1613-இல் டச்சுக் கம்பெனி அங்கே ஜெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டியது. சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு அதுதான் தலைமையிடம். இங்கிருந்து துணி ஏற்றினார்கள், பஞ்ச காலங்களில் மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பல் ஏற்றினார்கள். அந்த ஊரில் அவர்களுக்கு ஒரு நாணயச்சாலையும் இருந்தது. அதில் பெரிய வியாபாரத்துக்குத் தங்க வராகன் அடித்தார்கள், சந்தைக்குச் செப்புக் காசும் அடித்தார்கள். செப்புக் காசில் கம்பெனியின் மூன்றெழுத்து முத்திரை இருக்கும்.

இன்னைக்குக் கோட்டை இடிந்து புதர் மண்டிக் கிடக்கிறது. டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் நிற்கிறது. ஆனா அவங்க விட்டுட்டுப் போன இன்னொன்று உங்க வாயிலேயே இருக்கு. "துட்டு இருக்கா மச்சி?" என்று கேட்கிறோமே, அந்தத் துட்டு, டச்சுக்காரர்களின் 'டொயிட்' என்ற சின்னச் செப்புக் காசின் பெயரில் இருந்து வந்தது என்பதுதான் அகராதி தரும் விளக்கம்.

நம்ம 'காசு' பதிலுக்கு வெளிநாடு போயிருக்கு. போர்த்துகீசியர் அதைக் 'கைஷா' என்றார்கள். ஆங்கிலேயர் வாயில் அது 'கேஷ்' ஆனது. சீனாவின் ஓட்டை போட்ட செப்புக் காசையும் ஐரோப்பியர்கள் அதே பெயரில்தான் அழைத்தார்கள். ஒரு சின்ன எச்சரிக்கை: பணம் என்ற பொருளில் வரும் கேஷ் வேறு. அது பணப்பெட்டியைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லில் இருந்து வந்தது. வாட்ஸ்அப்பில் இரண்டையும் குழப்பி ஃபார்வர்டு வந்தா நம்பிடாதீங்க.

அடுத்து மதராஸ். 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நாயக்கர் கொடுத்த அனுமதியிலேயே நாணயம் அடிக்கும் உரிமையும் இருந்தது. வடசென்னையில் தங்கசாலை, மின்ட் என்று இரண்டு பெயரிலும் ஒரு தெரு இருக்கே, அது இந்த நாணயச்சாலையால் வந்த பெயர். 1869-இல் அதை மூடிவிட்டார்கள். பெயர் மட்டும் பஸ் போர்டில் தொடர்கிறது.

அன்றைய மதராஸ் கணக்கு இது: 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். அதாவது ஒரு தங்க வராகனுக்கு 3360 செப்புக் காசு.

இதுல ஒரு விஷயத்தைக் கவனிங்க. வரி, ஏற்றுமதி, கம்பெனிக் கணக்கு எல்லாம் வராகனில். கூலிக்காரன் கையிலும் சந்தையிலும் புழங்கியது செப்புக் காசு. இந்த இரண்டுக்கும் நடுவில் காசு மாற்றித் தரும் சராப்பு உட்கார்ந்திருப்பார். ஏட்டில் 3360 என்று இருந்தாலும் சந்தையில் செப்பின் மதிப்பு ஏறும், இறங்கும். அந்த இடைவெளியில் வட்டம் பிடிப்பார்கள். தங்கம் வைத்திருந்தவனுக்கு அது பெரிதாகத் தெரியாது. இழப்பு, செப்பு மட்டுமே வைத்திருந்தவனுக்கு.

சின்னக் காசின் வரலாறு முழுக்க இந்த ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும். மனசில் வச்சுக்கோங்க.

1800-களின் தொடக்கத்தில் கம்பெனி மதராஸுக்கான செப்புக் காசை இங்கிலாந்திலேயே அடிக்க ஆரம்பித்தது. பர்மிங்காம் பக்கத்தில் மேத்யூ போல்டனின் சோஹோ நாணயச்சாலையில், நீராவி இயந்திரத்தில். 10 காசு, 20 காசு என்று ஒரே அளவில், ஒரே எடையில், சுத்தமான விளிம்போடு வந்தன. கள்ளக் காசு அடிப்பவனுக்கு இது பெரிய தலைவலி.

1808 என்று ஆண்டு பொறித்த அப்படிப்பட்ட காசுகளை ஏற்றிக்கொண்டு 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் மதராஸுக்குப் புறப்பட்டது. 1809 ஜனவரியில் புயலில் சிக்கி, இங்கிலாந்துக் கரையைத் தாண்டுவதற்கு முன்பே குட்வின் மணல்திட்டில் மூழ்கிவிட்டது. 1980-களில் முக்குளித்து எடுத்தபோது லட்சக்கணக்கில் காசு கிடைத்தது. நம்ம ஊர்ச் சந்தையில் கத்தரிக்காய் வாங்க வேண்டிய காசு, ஒரு முறைகூட யார் கையிலும் மாறாமல் 170 வருஷத்துக்கும் மேல் கடலடியில் கிடந்திருக்கு!

1818-இல் மதராஸ் வராகனை விட்டு ரூபாய்க்கு மாறியது. 1835-இல் கம்பெனி ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாய். ஒரு ரூபாய்க்கு 16 அணா, 64 பைசா, 192 பை. இந்த 'பை'யைத்தான் நம்ம தாத்தா பாட்டி தம்படி என்றார்கள். "ஒரு தம்படி தேறாது" என்ற பேச்சு அதில் இருந்து வந்தது.

இரண்டாம் உலகப் போரில் செப்புக்குத் தட்டுப்பாடு. 1943-இல் காலணாவின் நடுவில் ஓட்டை போட்டு அடித்தார்கள். ஓட்டைக் காலணா. உலோகத்தை மிச்சம் பிடிக்கத்தான் அந்த ஓட்டை. போர் முடிந்தது, ஓட்டைக் காலணா வசவுச் சொல்லாக மட்டும் மிஞ்சியது.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றோம். 1957 ஏப்ரல் 1.

அன்று முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா. பள்ளிக்கூடக் கணக்குக்கு ரொம்ப எளிது. ஆனா பழைய ஒரு அணா என்பது 6.25 நயா பைசா. கால் பைசாவுக்குக் காசு கிடையாது. என்ன செய்வது?

அரசு ஒரு மாற்று அட்டவணை போட்டது. ஒரு அணாவுக்கு 6, இரண்டு அணாவுக்கு 12, மூன்று அணாவுக்கு 19, நாலு அணாவுக்கு 25 நயா பைசா. இந்த நாலில் நாலணா மட்டும்தான் துல்லியமாகப் பொருந்தும். எட்டணாவும் அப்படியே சரியாக 50. அதனாலதான் அணா ஒழிந்து அறுபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகும் நாலணா, எட்டணா என்ற பேச்சு மட்டும் நம்ம நாக்கில் ஒட்டிக்கொண்டு இருக்கு.

இப்ப கணக்குப் போடுங்க. தினமும் ஒரு அணா டீ நாலு தடவை குடிப்பவருக்குப் பழைய கணக்கில் நாலணா. கடைக்காரர் அட்டவணைப்படி 6 நயா பைசா வாங்கினா மொத்தம் 24. குடிப்பவருக்கு ஒரு பைசா லாபம். "கால் பைசா எனக்கு எதுக்கு நஷ்டம்" என்று 7 வாங்கினா மொத்தம் 28. குடிப்பவருக்கு மூணு பைசா நஷ்டம். மொத்தமா வாங்குபவருக்கு இந்தப் பிரச்சனையே இல்லை. சில்லறையா வாங்குபவருக்குத்தான் ஒவ்வொரு தடவையும் அடி.

ஏழை மனுஷன் எப்பவும் சில்லறையாத்தான் வாங்குவான். அதனால முழுமையாக்கும் கணக்கு அவனைத்தான் அதிக முறை தொடும்.

1964-இல் 'நயா' போய் வெறும் பைசா ஆனது. அப்புறம் நடந்தது உலோகத்தின் இறங்குமுகம். தொடக்கத்தில் ஒரு பைசா வெண்கலம். 2, 5, 10 பைசா செப்பு-நிக்கல் கலவை. 25, 50 பைசா நிக்கல். விலைவாசி ஏற ஏற, காசின் முகமதிப்பைவிட அதில் உள்ள உலோகத்தின் விலை கூடிவிடும் அபாயம். அப்படி ஆனா காசு கல்லாவுக்கு வராது, உலைக்குப் போகும். அதனால 1960-களின் நடுவில் சின்னக் காசுகள் அலுமினியத்துக்கு மாறின. சதுர ஒரு பைசா முக்கால் கிராம்தான். ஊதினா பறக்கும். 1988-இல் 10, 25, 50 பைசாக்கள் எவர்சில்வர் ஆயின. காண்டாமிருகம் போட்ட 25 பைசா ஞாபகம் இருக்கா?

கும்மிடிப்பூண்டியில் வேலை பார்க்கும் நண்பர்களுக்கு இந்தக் கணக்கு எளிதாகப் புரியும். 2011 வரிசையின் ஒரு ரூபாய்க் காசு 3.79 கிராம். ஒரு கிலோவுக்குச் சுமார் 264 காசு, அதாவது 264 ரூபாய். அந்த வகை எவர்சில்வர் ஸ்கிராப்பை அந்த விலைக்கு எடுக்கும் உலைக்காரர் யாராவது இருக்காங்களா? இல்லை. உருக்கினால் நஷ்டம் வரும் அளவுக்கு உலோகத்தைத் தேர்வு செய்வதுதான் அரசின் தந்திரம். அதையும் மீறி 2007-இல் கொல்கத்தா பக்கம் காசுத் தட்டுப்பாடு வந்தபோது, எல்லை தாண்டிக் கடத்தி ஷேவிங் பிளேடு செய்கிறார்கள் என்று செய்தி வந்தது. ஸ்கிராப்பாக விற்றால் லாபம் இல்லை, பிளேடாக விற்றால் உண்டு! காசை உருக்குவதும் அழிப்பதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். விளையாட்டுக்குக்கூட வேண்டாம்.

அரசுக்கு ஆகும் செலவு? 2018-இல் தகவல் உரிமைச் சட்டத்தில் வந்த பதில்: ஒரு ரூபாய்க் காசு அடிக்க 1 ரூபாய் 11 காசு. "நஷ்டத்துக்கு எதுக்கு அடிக்கணும்?" என்று உடனே கேட்போம். ஆனா ஒரு காசு ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடும் ஊசி இல்லை. வருஷக்கணக்கில் ஆயிரம் கை மாறும். அந்தப் 11 காசு அத்தனை வியாபாரத்துக்கும் சேர்த்து ஆகும் செலவு.

சரி, எட்டணாவைக் கொன்றது யார்? விலைவாசி ஒரு காரணம். இன்னொரு காரணம் நாம். காசை வீட்டு டப்பாவிலும் உண்டியலிலும் போட்டுவிட்டுத் திரும்ப எடுப்பதில்லை. உடம்பில் ரத்தம் இருக்கு, ஆனா ஓட்டம் இல்லை என்ற நிலை. டாக்டர்கள் அதை ஷாக் என்போம். கடையில் சில்லறை இல்லாமல் போகும். கடைக்காரர் சாக்லேட் கொடுப்பார். அப்புறம் விலையையே முழு ரூபாய்க்கு ஏற்றுவார். அதற்குப் பிறகு எட்டணாவுக்கு வேலையே இல்லை.

மிகச் சின்னக் காசு என்பது விலைப் படிக்கட்டின் கீழ்ப்படி. அந்தப் படியை எடுத்துவிட்டால் கீழே நிற்பவன் இன்னும் உயரமாகக் கால் தூக்க வேண்டும். நம்ம ஊர் உதாரணமே இருக்கு. ஷாம்புவைச் சின்ன சாஷேயில் அடைத்து விற்கும் யோசனையைப் பரப்பியது கடலூர்க்காரர்கள். 1990-களின் கடைசியில் சிக் ஷாம்பு ஐம்பது பைசாவுக்குக் கிடைத்தது. கூலி வாங்கிய அன்று எட்டணா கொடுத்துத் தலைக்குக் குளிக்கலாம். எட்டணா கடையை விட்டுப் போனதும், இருப்பதிலேயே மலிவான பொருளின் விலை ஒரு ரூபாய் ஆனது. அந்த அடிமட்டத்துக்கு அது இரண்டு மடங்கு. சிவப்பு டப்பா ஒரு ரூபாய் போன் ஞாபகம் இருப்பவர்களுக்கு, ஒரு காசு என்ன எல்லாம் செய்யும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு பக்கம், பைசா கணக்கில் சாகவே இல்லை. அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தருவது 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். உங்களுக்கு இலவசமாகத் தரும் மாத்திரையின் கொள்முதல் விலை பேசப்படுவது பைசாவில். ஒரு மாத்திரைக்கு 5 பைசா குறைந்தால், ஒரு கோடி மாத்திரைக்கு 5 லட்சம் ரூபாய் மிச்சம். பெரிய நிறுவனங்களும் அரசும் பைசாவை விடவே விடாது. 'பைசாவை எல்லாம் பார்க்காதே' என்ற அறிவுரை சாமானியனுக்கு மட்டும்தான்.

அடுத்து பத்து ரூபாய்க் காசு. இதில் விலைவாசிக்குப் பங்கே இல்லை. வெறும் வதந்தி. ரூபாய்ச் சின்னம் இருந்தா நல்லது, இல்லாட்டி போலி, பத்து கோடு இருக்கணும் என்றெல்லாம் கிளப்பிவிட்டார்கள். ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் தெளிவாகச் சொன்னது: அதுவரை 14 வடிவங்களில் பத்து ரூபாய்க் காசு வந்திருக்கு, பதினாலும் செல்லும். 14440 என்ற இலவச எண்ணும் கொடுத்தார்கள். அப்படியும் 2022-இல் தருமபுரி மாவட்டத்தில் ஒருவர், யாரும் வாங்காமல் சேர்ந்துபோன பத்து ரூபாய்க் காசுகளை மூட்டையாகக் கொண்டுபோய்க் கார் வாங்கியது செய்தியானது.

சிரிக்கலாம். ஆனா நாள் கூலியில் நாலு பத்து ரூபாய்க் காசு வாங்கிக்கொண்டு, கடையில் "இது வேணாம்ணே" என்று திருப்பிக் கொடுக்கப்படும் ஒடிசா, பீகார் தொழிலாளியை நினைச்சுப் பாருங்க. பாஷை தெரியாது. சண்டை போட முடியாது. 40 ரூபாய் என்பது அவருக்கு ஒரு வேளைச் சாப்பாடு. தடுப்பூசி வதந்தியும் காசு வதந்தியும் ஒரே மாதிரிதான் பரவுது. மறுப்பு வருவதற்குள் பாதிப்பு நடந்து முடிஞ்சிடுது.

இனி என்ன ஆகும்?

கனடா 2012-இல் ஒரு சென்ட் அடிப்பதை நிறுத்தியது. அமெரிக்கா புழக்கத்துக்கான கடைசி பென்னியை 2025 நவம்பர் 12 அன்று அடித்து முடித்தது. ஒரு பென்னிக்கு மூன்றரை சென்டுக்கு மேல் செலவு. ஆனா இரண்டு நாட்டுக்கும் ஒரு வித்தியாசம். கனடா விதியை முன்கூட்டியே சொன்னது: ரொக்கமாகக் கொடுத்தால் மட்டும், அதுவும் மொத்த பில்லில் மட்டும், பக்கத்து ஐந்து சென்டுக்கு முழுமையாக்கணும், மேலேயும் போகலாம், கீழேயும் வரலாம். அமெரிக்கா அப்படி நாடு முழுவதற்குமான ஒரு விதி இல்லாமலேயே நிறுத்தியது.

நம்ம எட்டணாவுக்கும் ஒரு நாள் அதிகாரபூர்வ அறிவிப்பு வரலாம். வரட்டும். அப்போது கேட்க வேண்டியது முழுமையாக்கும் விதி என்ன, அது கடை வாசலில் எழுதி ஒட்டப்படுமா என்பதுதான். யுபிஐயில் 10 ரூபாய் 50 காசு அனுப்பலாம். ரிசர்வ் வங்கியின் மின் ரூபாயும் 2022 டிசம்பரில் சோதனைக்கு வந்துவிட்டது. போன் இருப்பவருக்குப் பைசா திரும்பக் கிடைத்துவிட்டது. போன் இல்லாத பாட்டிக்குத்தான் கிடைக்கவில்லை.

இப்ப சொன்ன மாதிரி கொஞ்சம் மருத்துவம்.

தோலில் வட்ட வட்டமாக வரும் ஒரு படைக்கு 'நம்முலர் எக்ஸிமா' என்று பெயர். லத்தீனில் 'சின்னக் காசு மாதிரி' என்று அர்த்தம். "எட்டணா சைஸ்ல இருக்கு டாக்டர்" என்று நீங்க சொல்வதும் அதே மருத்துவ மொழிதான்.

குழந்தையின் தொப்புள் பிதுங்கி இருந்தால் காசு வைத்துக் கட்டாதீங்க. பெரும்பாலும் நாலைந்து வயதுக்குள் தானாகவே மூடிவிடும். காசு கட்டினால் புண்ணும் கிருமித்தொற்றும்தான் வரும்.

குழந்தை காசை விழுங்கிவிட்டதா? வாயில் விரல் விட்டுத் துழாவாதீங்க, வாந்தி எடுக்க வைக்காதீங்க, வாழைப்பழம் கொடுத்து உள்ளே தள்ளாதீங்க. ஜி.எச். வாங்க, ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போம். இரைப்பைக்குப் போயிருந்தால் பெரும்பாலும் மலத்தில் தானாக வந்துவிடும். உணவுக்குழாயில் நின்றிருந்தால் எடுக்க வேண்டியிருக்கும். எச்சில் வடிகிறது, விழுங்க முடியவில்லை, மூச்சுத் திணறுகிறது என்றால் ஒரு நிமிஷமும் தாமதிக்காதீங்க.

இங்கேதான் புது ஆபத்து. வீட்டில் காசு குறைகிறது, காசு மாதிரியே இருக்கும் பட்டன் பேட்டரி கூடுகிறது. ரிமோட், பொம்மை, எடை பார்க்கும் கருவி என்று எல்லாவற்றிலும். உணவுக்குழாயில் மாட்டினால் இரண்டு மணி நேரத்திலேயே அரிக்க ஆரம்பித்துவிடும். "காசுதான், தானா வந்துடும்" என்று வீட்டில் உட்கார்ந்திருக்காதீங்க. உள்ளே இருப்பது காசா பேட்டரியா என்பது எக்ஸ்ரே பார்த்தால்தான் தெரியும்.

கடைசியா மூணு வேண்டுகோள்.

ஒன்று, டப்பாவில் தூங்கும் காசை எண்ணிப் புழக்கத்துக்கு விடுங்க, இல்லாட்டி வங்கியில் கட்டுங்க. சின்னக் காசு என்று எந்த வங்கிக் கிளையும் மறுக்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு.

இரண்டு, "பழைய காசுக்கு லட்சக்கணக்கில் தர்றோம், முதல்ல கமிஷன் கட்டுங்க" என்று போன் வந்தா வைத்துவிடுங்க. தன் பெயரைச் சொல்லி நடக்கும் இந்த மோசடி பற்றி ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கு.

மூன்று, யார் பத்து ரூபாய்க் காசு நீட்டினாலும் வாங்கிக்கோங்க. கடை வச்சிருந்தா "எல்லாக் காசும் வாங்கப்படும்" என்று தமிழிலும் இந்தியிலும் ஒரு அட்டை எழுதி மாட்டுங்க. செலவு ஒரு ஸ்கெட்ச் பேனாதான்.

 சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு இதை அனுப்புங்க.